பேதுருவின் தூண்டில்



இந்த வாரம் மீன்பிடி உரிமத்தைப் பற்றி எழுதுகிறேன். இது தியானத்துக்குரிய பொருளா என்று சிலர் கேட்கலாம். நம் அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு எனக்கு இதைத் தவிர வேறொன்றும் எழுத வரவில்லை.

அன்றைய ஏலம் உங்களுக்கு நினைவிருக்கும். வாழைத்தார், பலா, மிளகு, பர்லியார்க் குடும்பங்கள் வழக்கம்போல் கொண்டுவந்த ஜாதிக்காய், காலைக் கட்டிய ஒரு சேவல் எல்லாம் முடிந்தபின், வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த நால்வர் ஒரு கூடை மீனைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆற்றுமீன். நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, நம் பிள்ளைகள் பேதுருவின் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். கூடை 1,400 ரூபாய்க்குப் போயிற்று. அதை எடுத்த சகோதரி அன்று மாலையே குழம்பு வைத்து அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்தார். போதகர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நம் சபையின் முதியவர் ஒருவர் வந்து, ஓடையின் மேல்மடுவில் விரல் நீளக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதக்கின்றன, நண்டுகளும் செத்துக் கிடக்கின்றன என்றார். நான் விசாரிக்கப் புறப்படுமுன்பே அந்த நால்வரில் ஒருவன் தானாக வந்து நின்றான். பிளீச்சிங் பவுடரைத் துணியில் கட்டி மடுவில் போட்டதாக ஒப்புக்கொண்டான். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பவுடர் போட்டது தப்புதான் ஐயா. ஆனால் தூண்டில் போட்டிருந்தாலும் நாங்கள் சீட்டு வாங்கியிருக்க மாட்டோம். ஆண்டவர் கொடுத்த ஆற்றில் ஆண்டவர் கொடுத்த மீனைப் பிடிக்க யாரிடம் போய்க் கேட்பது?”

நான் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லாதிருந்தது என்பதே உண்மை. அதை இங்கே அறிக்கையிட்டுவிடுகிறேன்.

இறையியல் கல்லூரியிலிருந்து வெளிவந்து உதவிப் போதகராக இந்த மலைக்கு வந்த முதல் ஆண்டில், நண்பர் ஒருவரோடு மேலே ஓர் அணைக்கட்டுக்குப் போய்த் தூண்டில் போட்டேன். சீட்டு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பிற்பகலுக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். காவலர் ஒருவர் வந்து மரியாதையாகவே கேட்டார். நான் சட்டைப்பையில் கைவிட்டுத் தேடுவதுபோல் நடித்து, பின்பு, “நான் குன்னூர்ப் பக்கத்துச் சபையின் போதகர்” என்றேன். அவர் கைகூப்பி, பரவாயில்லை சாமி, சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். திரும்பும் வழியில் அதே காவலர் தோட்டத் தொழிலாளிகள் இருவரை நிறுத்தி வைத்திருப்பதைக் கண்டேன். அவர்களுடைய மூங்கில் தூண்டில்கள் முறிக்கப்பட்டுப் பாதையோரம் கிடந்தன. அவர்களிடமும் சீட்டு இல்லை. என்னிடம் இருந்த அங்கி அவர்களிடம் இல்லை. அவ்வளவே வேறுபாடு. நான் தலை குனிந்து கடந்துபோனேன். என் பையில் இரண்டு மீன்கள் இருந்தன.

ஆகவே அந்த வாலிபனின் கேள்வி என்னிடமும் கேட்கப்பட வேண்டியதே.

அவன் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. நம் மலையில் இந்த உரிமம் எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தவர்கள் அதை எளிதாக ஒதுக்கமாட்டார்கள். நீலகிரியின் மேல்தளத்து ஓடைகளில் ஆதியில் பெரிய மீன் ஏதும் இல்லை. குளிருக்காக இங்கே குடியேறிய ஆங்கிலேயருக்கு அது ஒரு குறையாகத் தோன்றியது. மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1863இல் ட்ரவுட் மீனை இங்கே கொண்டுவர முயன்று தோற்றார். 1907இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே அந்த மீன் நம் நீர்நிலைகளில் வேர்கொண்டது. ஆனால் மீனுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. வேட்டைப் பிரியர்களான துரைமார் 1877இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தைச் சென்னை அரசு இயற்றியது. எந்த மாதத்தில் பிடிக்கலாகாது, யார் சீட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதன்பின் முறைப்படுத்தப்பட்டன. நம் முதியவர் இதைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். “எங்கப்பா காலத்திலே சீட்டு துரைக்கு, திட்டு நமக்கு” என்றார். காலங்காலமாக இந்தக் காட்டிலும் ஆற்றிலும் வாழ்ந்த இருளரையும் குறும்பரையும் கேட்டு எழுதப்பட்ட சட்டமல்ல அது. அதை மறைத்துவிட்டு உங்களுக்குக் கீழ்ப்படிதலைப் போதிக்க நான் விரும்பவில்லை.

எனினும் கதையின் மறுபாதியும் உண்டு. ட்ரவுட்டைக் கொண்டுவருவதில் தோற்ற அதே பிரான்சிஸ் டே, இந்தியாவின் நன்னீர் மீன்வளத்தைப் பற்றி 1873இல் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அதே காலத்தில் தென் கன்னடத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற அதிகாரியும் ஆறுகளில் நஞ்சு கலப்பதையும், குஞ்சுகளையும் விடாத சிறுகண் வலைகளையும் எதிர்த்து எழுதினார். தாமஸ் தூண்டில் பைத்தியம் கொண்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுக்காக மீன் பிடித்தவரே, மீன் குறைவதை முதலில் கண்டவரும் ஆனார். இத்தகைய குரல்களுக்குப் பின் 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. அதன் 4ஆம் பிரிவு வெடிமருந்தால் மீன் கொல்வதையும், 5ஆம் பிரிவு நஞ்சிட்டுக் கொல்வதையும் குற்றமாக்கின. தங்கள் வலைகளை ஒழுங்குபடுத்தவும், ஒரு நீர்நிலையைக் குறிப்பிட்ட காலம் மூடிவைக்கவும் மாகாண அரசுகளுக்கு 6ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்தது. நம் பிள்ளைகள் பர்லியார் ஓடையில் செய்தது 1897இலேயே பெயரிடப்பட்ட குற்றம்.

பிளீச்சிங் பவுடர் என்ன செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து வெளிவரும் குளோரின் மீனின் செவுள்களைப் பொசுக்குகிறது. கையளவு மீனுக்காகப் போட்ட பொடி, விரலளவு குஞ்சையும், அந்தக் குஞ்சு தின்னும் பூச்சியையும், நண்டையும் சேர்த்தே கொல்கிறது. தூண்டில் ஒரு மீனை எடுத்து மடுவை விட்டுவைக்கும். பொடி மடுவையே எடுத்துக்கொள்ளும். அந்த நீர் அங்கேயே நிற்பதும் இல்லை. குன்னூர்ச் சரிவின் நீரெல்லாம் கல்லாற்றுப் பக்கம் இறங்கிப் பவானியில் சேர்கிறது. வழியில் யானைகள் குடிக்கின்றன. கீழே மேட்டுப்பாளையத்தில் மனிதர்கள் குடிக்கிறார்கள். பவானி போய்ச் சேரும் காவிரியில் வாழும் முதுகு உயர்ந்த மகசீர், பெரிய செதில்களுடைய கெண்டை இனத்து மீன், 2018இல் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகச் சேர்க்கப்பட்டது. பவானிசாகரில் பவானியோடு கலக்கும் மோயாறு அதற்கு எஞ்சியிருக்கும் புகலிடங்களுள் ஒன்று. மகசீர் இனங்கள் மழைக்காலத்தில் மேலேறி வந்து சிற்றாறுகளில் முட்டையிடுபவை. ஓடைதானே என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் இடம், ஒரு பெரிய ஆற்றின் தொட்டில்.

அன்பானவர்களே, இப்போது வேதத்துக்கு வருவோம். மீன்பிடித்தல் என்றதும் நமக்கு வலையே நினைவுக்கு வருகிறது. சுவிசேஷங்களில் வலைகள் ஏராளம்: கிழியும் வலை, கிழியாத வலை, நூற்றைம்பத்துமூன்று பெரிய மீன்கள். ஆனால் தூண்டில்? புதிய ஏற்பாடு முழுவதிலும் தூண்டிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மத்தேயு பதினேழாம் அதிகாரத்தின் முடிவைத் திறந்து நீங்களே வாசியுங்கள். அந்த ஒரே தூண்டில் எதற்காகப் போடப்பட்டது தெரியுமா? பசிக்காக அல்ல, பொழுதுபோக்குக்காகவும் அல்ல. கட்ட வேண்டிய ஒரு வரியைக் கட்டுவதற்காக.

கப்பர்நகூமில் தேவாலய வரி வாங்குகிறவர்கள் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் இந்த வரியைக் கட்டுவதில்லையா என்று கேட்கிறார்கள். பேதுரு யோசிக்காமல், கட்டுகிறார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறான். அவன் வாய் திறக்குமுன்பே ஆண்டவர் அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: ராஜாக்கள் வரி வாங்குவது தங்கள் பிள்ளைகளிடமா, அந்நியரிடமா? அந்நியரிடம் என்கிறான் பேதுரு. அப்படியானால் பிள்ளைகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்பதை ஆண்டவர் எடுத்துச் சொல்கிறார். அந்த ஆலயம் அவருடைய பிதாவின் வீடு; அவர் குமாரன். நியாயப்படி அவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் அங்கேயே நிற்கவில்லை. இவர்களுக்கு நாம் இடறலாக வேண்டாம் என்று சொல்லி, கடலுக்குப் போய்த் தூண்டில் போடும்படி பேதுருவை அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கிறது. வரி ஒருவருக்கு இரண்டு திராக்மா. அந்த நாணயத்தின் மதிப்பு நான்கு. அவருக்கும் பேதுருவுக்கும் சரியாகப் போதுமானது. மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை.

இந்தச் சம்பவத்தை நான்கு சுவிசேஷகர்களில் மத்தேயு ஒருவரே எழுதியிருக்கிறார். அவர் யார்? அதே கப்பர்நகூமில் ஏரியோரம் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவர். மீனவர்கள் பிடித்துவந்த மீனுக்கும் அங்கே தீர்வை வாங்கப்பட்டது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். சாக்குச் சொல்லி நழுவியவர்களை வருடக்கணக்காகப் பார்த்த கண்கள் அவருடையவை. சாக்கே தேவைப்படாத ஒருவர் கட்டிவிட்டுப் போனதை அந்தக் கண்கள் மறக்கவில்லை.

ஒரு சிறு விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கலிலேயாவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு உணவகங்களில் பேதுருவின் மீன் என்று பரிமாறப்படுவது, நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும் ஜிலேபி மீனின் உறவு. அது பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது. தூண்டில் இரையை எளிதில் கவ்வாது. ஆகையால் பேதுரு பிடித்தது கெண்டைக் குடும்பத்து மீனாகவே இருக்கும் என்று அந்த ஏரியின் மீனவரும் ஆராய்ச்சியாளருமான மெண்டல் நுன் எழுதினார். நம் மகசீரும் அந்தக் குடும்பம்தான். இதனால் விசுவாசத்துக்குக் கூடுதலோ குறைவோ இல்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, எழுதினேன்.

இப்போது அந்த வாலிபனுக்கு என் பதில். ஆறு ஆண்டவருடையது என்று நீ சொன்னது சரி. ஆண்டவருடையது என்பதாலேயே அது உன்னுடையது ஆகிவிடாது. கூட்டில் தாய்ப்பறவையையும் குஞ்சுகளையும் ஒருமிக்கக் காண்கிறவன் குஞ்சுகளை எடுத்துக்கொண்டாலும் தாயைப் போகவிட வேண்டும் என்று உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள அனுமதி இல்லை. மோசேயின் காலத்து அந்தக் கட்டளையை நான் ஓர் உரிமச் சீட்டாகவே வாசிக்கிறேன். நம் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் உறவுகள் உள்ள குடும்பங்கள் நம் சபையில் உண்டு. அந்த இரண்டு மாதம் ஒரு மீனவர் வீட்டின் அடுப்பு எப்படி எரிகிறது என்று அவர்களைக் கேளுங்கள். பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவன் மீன் பெருகுவதற்காகக் காத்திருக்கிறான். ஞாயிறு மாலைப் பொழுதுபோக்குக்கு ஓடைக்குப் போகிற நாம் ஒரு சீட்டுக்காக ஒரு நாள் காத்திருக்க மாட்டோமா?

சட்டத்தின் பிறப்பு அநீதியாயிருந்ததே என்று கேட்பீர்கள். ஆம். அந்தத் துரைமாரின் சங்கம் இன்று பெயரும் நோக்கமும் மாறி, வன உயிர்களையும் சுற்றுச்சூழலையும் காக்கும் சங்கமாக இயங்குகிறது. மனிதர் ஏற்படுத்தியவை மாறக்கூடியவை. சட்டம் திருத்தப்பட வேண்டுமானால் பகலில் மனு எழுதிக் கேட்போம். ஆற்றோரப் பழங்குடி மக்களின் உரிமைக்காக அப்படி ஒரு மனு எழுதப்பட்டால் நான் முதல் கையெழுத்து இடுவேன். ஆனால் இரவில் மடுவில் பொடி போடுகிறவன் எந்த அநீதியையும் எதிர்க்கவில்லை. அவன் குஞ்சுகளைக் கொல்கிறான், அவ்வளவே. நான் அன்று அங்கியைக் காட்டித் தப்பியதும் எந்த அநீதியையும் திருத்தவில்லை. இருந்த அநீதியில் என் பங்கைச் சேர்த்தது. விலக்குக்கு உரிமையுள்ள குமாரன் அதை விட்டுக்கொடுத்தார். உரிமையே இல்லாத ஊழியன் அதைப் பறித்துக்கொண்டான்.

நீங்கள் பர்லியார் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது பார்த்திருப்பீர்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நம் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில்களையும் இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். 43 என்ற எண்ணில் பதிவான நம் மாவட்ட வண்டிகளுக்கு அந்தப் பாஸ் தேவையில்லை; பிள்ளைகளுக்கு விலக்கு. கீழிருந்து வருகிறவர்கள் இந்த மலையை மதிக்க வேண்டும், சீட்டு வாங்கி வர வேண்டும் என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம். சபை வாசலிலேயே பலமுறை பேசியிருக்கிறோம். அந்தச் சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நம் பிள்ளைகள் அந்த மடுவைக் கொன்றார்கள்.

இனி நடைமுறை. எந்த நீரில் தூண்டில் போடலாம் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். ட்ரவுட் குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும். அது மேல்மலையின் காரியம், பர்லியாரின் வெப்பத்தில் அதைத் தேட வேண்டாம். அணைகள் மின்வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பல ஓடைகள் காப்புக்காட்டுக்குள் ஓடுகின்றன, அங்கே கால் வைக்கவே வனத்துறையின் அனுமதி வேண்டும். மீனுக்கான அனுமதியை மீன்வளத் துறையிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்பது அனுமதி ஆகாது. சீட்டுக் கையில் வந்தால் அதில் எழுதியிருப்பதை வாசியுங்கள்: எந்த நாள், எந்த இடம், எத்தனை மீன். சிறிய மீன் அகப்பட்டால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி நீரிலேயே விடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும்.

வரும் திங்கட்கிழமை, போதகர்களுக்கு ஓய்வு நாளாகையால், அந்த நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உதகைக்குப் போகிறேன். மீன்வளத் துறை அலுவலகத்தில் எந்த நீருக்கு, எந்தப் பருவத்தில் உரிமம் கிடைக்கும் என்று கேட்போம். கிடைத்தால் ஐந்து பேரும் பணம் கட்டி வாங்குவோம். இந்தப் பருவத்தில் இல்லை என்றால் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். என் விண்ணப்பத்தில் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டமும் இராது.

மீன்கூடையின் 1,400 ரூபாய் தனி உறையில் என் மேசையில் இருக்கிறது. ஏலம் எடுத்த சகோதரியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். காணிக்கையாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பொருளாளர் கணக்கை முடிக்கச் சொல்கிறார். சபைக் கணக்கில் அதைச் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் குழு கூடும்போது இதைப் பேசுவோம். உங்களுக்கு யோசனை இருந்தால் எழுதித் தாருங்கள். திங்களன்று உடன்வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம். ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.